தலைவர் வீட்டு முருங்கை

புக்கிட் பெலிம்பிங் அடுக்குமாடியில் கீழ்த்தளத்து மூலை வீட்டுக்காரர் சுகுமாரன். குடியிருப்போர் கூட்டம் என்றாலே கடலோரத்து ஜெராமுக்கு மீன் வாங்கக் கிளம்பிவிடுவார். காரணம் ஒரு முருங்கை மரம். ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த மனிதர். வாசலுக்கு முன்னால் வெறும் மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. பொது நிலத்தை வளைத்து வேலி போட்டு, முருங்கை நட்டு, வேலிக்குப் பூட்டும் போட்டுவிட்டார். இந்த ஆண்டுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நாம் இல்லாவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

அந்தக் கட்டடத்தில் ஒரு பழக்கம் உண்டு. பதவி என்றால் வந்தவர்கள் எல்லாரும் குனிந்துகொள்வார்கள். வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள். மீன் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவரைச் செயலாளர் ஷர்மினி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்களத்தான் தலைவரா போட்டிருக்கோம். ஓகேலா?"

அவர் வம்சத்தில் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர்கூட ஆனவர் கிடையாது. யோசிப்பதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது. பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். பொது நிலத்து வேலிகளை எல்லாம் பிரிக்கத் தீர்மானம் போட்டாயிற்றாம். பிரிக்க வைக்க வேண்டியவர் தலைவராம்.

மனைவி ரமணி விழுந்து விழுந்து சிரித்தாள். பதவியை உதறிவிடச் சொன்னாள். அவருக்கு மனசு வரவில்லை. மாடியிலிருந்து யாரோ ‘வணக்கம் தலைவரே’ என்றது காதிலேயே நின்றது. தன் வேலியை வைத்துக்கொண்டு அடுத்தவன் வேலியில் கை வைத்தால் அந்த வணக்கம் என்னவாகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே பிரித்தார். பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டதுபோல் நெஞ்சு வலித்தது.

அதுவரை வெளியே நின்று பார்த்தவர்கள் எல்லாம் கூடையோடு வந்தார்கள். கேட்டால், பொதுச் சொத்துதானே தலைவரே என்றார்கள். சாயங்காலத்துக்குள் மரம் மொட்டையானது.

ரமணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "பொதுச் சொத்துல கை வச்சவங்கமேல தலைவரு எப்ப நடவடிக்கை எடுக்கப்போறாரு?"

அதற்குள் ஷர்மினி ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். தலைவருக்கு அவள் அம்மா கொடுத்துவிட்ட முருங்கைக்கீரைப் பொரியல்.

சுகுமாரன் ஒரு வாய் போட்டுக்கொண்டார். தன் மரத்துக் கீரை, நாக்குக்குத் தெரியாதா? கோபமாகத்தான் மென்றார். கிண்ணம் காலியானது.

"தேங்கா கொஞ்சம் கம்மி," என்றார் தலைவர். "மரம் மறுபடி துளிர்க்கட்டும். அடுத்த தடவ கூடப் போடச் சொல்லு."