இரண்டு தட்டு

நெட்டை கட்டைக்குத் தர வேண்டியிருந்தது ஒன்பதாயிரத்து அறுநூறு. மகள் படிப்புக்கென்று வாங்கியது. கட்டையின் கால் நசுங்கிய வாரத்திலிருந்து, வாரம் முந்நூறாகக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவான். கால் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பணம் திரும்பியிருக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

இருவரும் சரக்குக் கிடங்கில் ஜோடி. சொந்தப் பெயர்களை மேஸ்திரியே மறந்துவிட்டார். நெட்டை பின்னாலிருந்து பெட்டியைத் தூக்கிக் கொடுப்பான். கட்டை குனிந்து முதுகில் வாங்குவான். வண்டிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. சுமை சரியாக உட்கார்ந்ததும் வாங்குகிறவன் தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதன் பிறகுதான் கொடுத்தவன் கையை எடுப்பான். இருபது வருஷமாகப் பிசகாத விஷயம், அன்று மோட்டார் பெட்டியில் பிசகியது. பெட்டி முதுகில் உட்காரும் முன்பே சரிந்து, கட்டையின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே விழுந்தது.

"நான்தான் முன்னாடியே கையை எடுத்துட்டேன். தட்டின மாதிரி இருந்துச்சு" என்று நெட்டை பார்த்தவர்களிடமெல்லாம் அழுதான். கட்டை ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு வெளியே தெரிந்தது. மூடுவதற்குப் பக்கத்தில் சதை இல்லை. டாக்டரம்மா அவன் அக்குளுக்குக் கீழே, முதுகில், அகலமாக விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

"இங்க இருக்கிற சதையை ரத்தக் குழாயோட எடுத்து, கால்ல வச்சுத் தைப்போம். அது இல்லாமலும் மனுஷன் காலம் தள்ளலாம்."

"நான் அதை வச்சுத்தானேம்மா சாப்பிடுறேன்."

"கால் வேணுமா, வேண்டாமா?"

கையெழுத்துப் போட்டான்.

கண் விழித்தபோது முதுகில் ஒரு பள்ளமும் காலில் ஒரு மேடும் இருந்தன. மேட்டின் மேல் தொடைத்தோலை ஒட்டியிருந்தார்கள். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து அதைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மனைவி சொன்னாள்: "உழைச்ச முதுகு. போன இடத்துலயும் பிழைச்சுக்கிச்சு."

ஆனால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு கிள்ளிப் பார்த்தான். அடுத்த வீட்டுக்காரன் காலைக் கிள்ளுவதுபோல் இருந்தது. நாளாக நாளாக மற்றதும் அப்படியே ஆனது. மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார் என்ற சேதி வந்தது. கேட்டுக்கொண்டான். மனைவி இரண்டு வீடுகளில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஜன்னலில் ஏறி இறங்கியது.

முப்பத்துமூன்றாவது வாரமும் நெட்டை வந்தான். முந்நூறை வைத்தான்.

"போன வாரத்தோட கடன் தீந்துருச்சுடா" என்றான் கட்டை.

"தெரியும். இது காலுக்கு. நான் இருக்கிற வரைக்கும் வரும்."

கட்டை நோட்டுகளைப் பார்த்தான். அதில் ஒரு வாரத்து அரிசி இருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்போது நெட்டையின் கண் காலுக்குப் போனது. ஒட்டுச்சதையின் மேல் ஒரு ஈ. கட்டை அதைப் பிறகுதான் பார்த்தான்.

"அன்னிக்கும் ஈதான்" என்றான்.

"என்ன?"

"தொடையில உக்காந்துச்சு. அடிச்சேன், தப்பிச்சிருச்சு. இன்னொண்ணு அடிச்சேன். நீ சரியாத்தான் விட்ட."

நெட்டை அவன் முகத்தைப் பார்த்தான். "எட்டு மாசமா நான் தூங்கலடா. ஏன் சொல்லல?"

"பணம் வந்துட்டு இருந்துச்சு."

கட்டை முந்நூறை எடுத்து அவன் சட்டைப்பையில் செருகினான். நெட்டை தடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. ஈ மேட்டின் உச்சிக்கு நடந்து, நின்று, முன்னங்கால்களைத் தேய்த்தது. நெட்டை கையை ஓங்கினான். பிறகு தாழ்த்திக்கொண்டு, குனிந்து, வாயால் மெல்ல ஊதினான். கட்டை பார்த்துக்கொண்டிருந்தான். காற்று பட்டது முழங்காலில் மட்டும் தெரிந்தது.