அழித்துப் போட்ட மூன்று

டாக்டர் லெனோர் ஹாஸ்கின்ஸின் மாலை வகுப்பில் நாங்கள் ஏழு பேர். செவ்வாய், வியாழன், ஆறரை மணிக்கு. பாடம் அமெரிக்கத் தத்துவம். பகலில் நான் நகரத் தண்ணீர் நிலையத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மணிக்கு ஒரு தடவை நீரில் குளோரின் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தால் இதையும் நடந்த வரிசையில்தான் எழுத வருகிறது. வேறு மாதிரி எழுதியிருந்தால் எனக்குச் சாதகமாக இருந்திருக்குமோ என்னவோ.

டாக்டரின் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. வகுப்பில் அங்கங்கே உதிர்த்ததை நான் வருட வாரியாகக் குறித்து வைத்திருந்தேன். இருபத்தெட்டு வயதில் முனைவர் பட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஒஹாயோவில் நிலம் அளந்துகொண்டே கட்டுரைகள் எழுதிய ஆல்பன் க்ரீவ் என்பவரைப் பற்றிய ஆய்வு. முதல் கல்லூரியில் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வருடம் இருந்தபோது தத்துவத் துறையையே மூடிவிட்டார்கள். பிறகு நான்கு ஊர்கள், ஒவ்வொன்றிலும் ஓராண்டு ஒப்பந்தங்கள். க்ரீவைப் பற்றிய புத்தகத்துக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. ஒரே ஒரு இதழில் மதிப்புரை வந்தது, இரண்டு பத்தி. இரண்டாவது பத்தி புத்தகத்தின் கடைசியில் வரும் பொருளடைவில் உள்ள பிழைகளைப் பற்றியது. இங்கே ஒன்பது வருடமாக மாலை வகுப்பு மட்டும். வயது ஐம்பத்தெட்டு.

க்ரீவிடமிருந்து அவர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை எழுதாதே, காலை ஊன்றி நிற்க முடிகிறதை எழுது.

டிசம்பரில் கடைசி வகுப்பு. இடைவேளையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ராய்ஸ் எங்களை மடக்கினான். அவன் பஸ் டிப்போ மெக்கானிக்.

"எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு நாம டாக்டருக்கு மார்க் போடற தாள் வரும். கண்ணை மூடிக்கிட்டு அஞ்சுக்கு அஞ்சு போட்டுடுங்க."

"எதுக்குப்பா?" என்றார் பின் வரிசைக்காரர் ஒருவர்.

"என் மச்சினி டீன் ஆபீஸ்ல இருக்கா. போன வருஷமே டாக்டருக்கு எச்சரிக்கை குடுத்தாச்சாம். இந்தத் தடவை சராசரி நாலுக்குக் கீழ போச்சுன்னா ஒப்பந்தம் கிடையாது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." என் பக்கம் திரும்பினான். "ஏ தண்ணி டாக்டர், உன்கிட்டதான் முக்கியமா சொல்றேன். பைப்புல குளோரின் பார்க்கற மாதிரி பார்த்துத் தொலைக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதிப்பெண் போடும்போது ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது. ஒரு மாணவர் தாள்களைக் கொடுத்து, வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வேறு யாரும் கை தூக்காததால் நான் தூக்கினேன். டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"பயப்படாம எழுதுங்க. பொய் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஒட்டுமொத்த மதிப்பு என்ற கேள்வியில் நான் பென்சிலால் நாலைச் சுழித்தேன். நாலுக்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்றும் மூன்றுக்குப் பக்கத்தில் 'நன்று' என்றும் இருந்தது. கட்டுரைகள் நான்கு வாரம் தாமதமாகத் திரும்பி வந்தன. பாதி நேரம் அவர் கரும்பலகையிடம்தான் பேசினார். அப்படியானால் நான் போட்ட நாலு இரக்கத்தில் போட்டது. தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்: மற்ற ஆறு பேரும் அஞ்சு, நான் மூன்று என்றால் சராசரி நாலு புள்ளி ஏழு. யாருக்கும் நஷ்டமில்லை. நாலை அழித்து மூன்றைச் சுழித்தேன். கருத்துக் கட்டத்தில் காரணங்களையும் எழுதினேன். உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் மதிப்பெண்கள் வெளியான பிறகுதான் அந்தத் தாள்கள் ஆசிரியர் கைக்குப் போகும். ஜனவரியில் என் கட்டுரையை வாங்கிக்கொள்ளப் போனேன். டாக்டர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா, மாரா. உக்கார இடமில்லை."

"எங்கயாவது மாத்திட்டாங்களா, டாக்டர்?"

"மூணு புள்ளி எட்டு ஆறு" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும் கேட்டேன். "ராய்ஸ் எல்லாரையும் அஞ்சு போடச் சொன்னாரே?"

"ரெண்டு பேர் போட்டாங்க. ராய்ஸ் நாலு. லேட்டாத் தர்றேன்னு அவனுக்கும் கோபம் இருக்கும்ல?" மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "'7ஆம் வாரத்துக்குப் பிறகு பலருக்குப் புரியவில்லை.' எண்ணுல எழுதியிருக்க. ஏழுக்கு நடுவுல கோடு போடறது நம்ம வகுப்புல நீ ஒருத்திதான்."

டாக்டர் தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"நாலு போட்டு அழிச்சிருக்க. வெளிச்சத்துல புடிச்சா நல்லாத் தெரியுது. அந்த நாலை விட்டிருந்தா சராசரி சரியா நாலு. நானும் ஓரத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன், உன்னை மாதிரியே."

"பொய் வேண்டாம்னு நீங்கதானே..."

"அது பாடம், கண்ணு. இது ஆபீஸ் தாள். ஆபீஸ் தாள்ல எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்க. அதை நம்பித்தானே நான் வெளிய போய் நின்னேன்?" ஒரு புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டார். க்ரீவ் புத்தகம்தான், இன்னும் ஆறு பிரதிகள் இருந்தன. "முப்பது வருஷமாக் கத்தறேன். நம்பி நடந்தவ ஒருத்தி. அவ இந்த வருஷந்தானா வந்து சேரணும்?"

என் கட்டுரையை நீட்டினார். மேலே பெரிதாக 'ஏ' போட்டிருந்தது.

"அது ஏ இல்லை. பி. பகல் பூரா வேலை செஞ்சுட்டு குளிர்ல ஓடி வர்ற பொண்ணாச்சேன்னு போட்டது. அழிச்ச தடமெல்லாம் தேடாதே, பேனாவால போட்டேன்."

"டாக்டர்..."

"மாத்தணும்னா பதினஞ்சாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு. பதிவாளர் ஆபீஸ்ல ஒரு படிவம் வாங்கிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உனக்குத்தான் சரியா இருக்கணுமே."

நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. கட்டுரையைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினைந்தாம் தேதி வேலையில் எட்டு அளவுகள் எடுத்தேன். எட்டையும் கருவி காட்டியபடியே எழுதினேன். என் வேலை நாலரைக்கு முடியும், பதிவாளர் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். நான் ஐந்தே காலுக்குக் கிளம்பினேன்.