பதினாறு அடியா, இருபத்திரண்டு அடியா

படகு விற்கும் ஹென்னியின் முற்றத்தில் இரண்டு படகுகள் டிரெய்லர் மேல் அருகருகே நின்றன. ஒன்று பதினாறு அடி, இன்னொன்று இருபத்திரண்டு. செப்டம்பர் மாதம் முழுக்க என் மச்சான் ம்பூசோ செலே அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

மச்சான் ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கார் பழக வந்த பிள்ளைகளை அந்த முற்றத்துக்கே கூட்டி வருவார். "ரிவர்ஸ் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது" என்று அவர்களை விட்டுவிட்டு, படகுகளின் வயிற்றைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவார். காலையில் பெரியதுதான் என்பார். மத்தியானம், அதற்குப் பெட்ரோல் ஊற்றி மாளாது, சின்னதே போதும் என்பார். இரவு தட்டில் சோளப் புட்டும் பீன்ஸும் ஆறிக்கொண்டிருக்க, மறுபடியும் பெரியது.

"ஒரு படகு வாங்க இத்தனை நாளா? என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போகூட ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டீங்களே" என்றாள் என் அக்கா. அவளை மச்சான் மாஷோசி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஷோசி வீட்டுப் பெண் என்று அர்த்தம். அவள் அவரை ந்தோசி என்பாள். அது செலே குலத்தாரின் மரியாதைப் பெயர். கோபத்திலும் அதே பெயர்தான், குரல் மட்டும் மாறும்.

"அப்ப எனக்கு வேற படகு காட்டலையே உங்க அப்பா" என்றார் மச்சான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டில் எங்கள் பழைய படகு அலையில் கவிழ்ந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே எங்கள் கரையில் துறைமுகம் இல்லை. மணலிலிருந்தே படகைத் தள்ளி, உடைகிற அலைகளுக்கு உள்ளே சுற்றிச் சுற்றி ஓட்டி, ஒரு கூட்டம் அலை ஓய்ந்து அடுத்த கூட்டம் வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் வெளியே பாய வேண்டும். பாய்கிறேன் என்று முடிவு செய்தால் பாய்ந்துவிட வேண்டும், நடுவில் யோசனை கூடாது. அன்று ஒரு அலை படகை அப்படியே நிமிர்த்திப் பின்புறமாகப் புரட்டியது. நானும் அக்காவும் தூரப் போய் விழுந்தோம். மச்சான் கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். அவரை இழுத்து எடுத்தபோது என் கையை அவர் விட்ட பாடில்லை. மணலில் உட்கார்ந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அதைப் பற்றி அவர் பேசியது ஒரே வார்த்தைதான். "பழைய படகுக்கு எடை பத்தல."

அதனால்தான் பெரியது. உயர்ந்த விளிம்பு, இரட்டை உடம்பு, இரண்டு பெரிய என்ஜின். அக்கா சின்னதையே சொன்னாள். தண்ணீரில் தள்ள ரெண்டு பேர் போதும், நினைத்த இடத்தில் திரும்பும், டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டாம். ஹென்னி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அலைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் இறக்கிப் பாருங்க, அப்புறம் வீட்ல போய் சண்டை போடுங்க" என்றார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை இறக்கினோம். முதலில் சின்னது. ஹென்னி கையாலேயே தண்ணீரில் தள்ளிவிட, மச்சான் இரண்டு என்ஜினையும் உயிர்ப்பித்தார். நான் வலது பக்கம், அக்கா இடது பக்கம். உள்ளே சுற்ற ஆரம்பித்தோம்.

ஓர் இடைவெளி வந்தது. மச்சான் பார்த்தார், போகவில்லை. இன்னொன்று வந்தது. "பின்னாடி ஒண்ணு எழும்புது" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்களுக்குப் பின் வந்த மூன்று படகுகள் எங்களைத் தாண்டி வெளியே போயின. ஒரு படகிலிருந்து யாரோ கத்தினான்: "செலே, சிக்னல் பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு!" இருபது நிமிஷம் சுற்றியபின் படகைக் கரைக்கே திருப்பி மணலில் ஏற்றினார்.

"வலது என்ஜின் சத்தம் சரியில்ல" என்றார்.

ஹென்னி குனிந்து கேட்டார். பெரிய படகைக் கொண்டுவரப் போனார்.

பெரியதிலும் அதே கதை. அதன் விளிம்பு உயரம் என்பதால் தண்ணீர் உள்ளே தெறிக்கவில்லை, அவ்வளவுதான். சுற்றினோம். இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று. மச்சானுடைய விரல்கள் விசை கூட்டும் திராட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தன, தள்ளவில்லை. தண்ணீர் தெறிக்காததால், அவர் நெற்றியில் வழிந்தது வியர்வை என்று எனக்குத் தெரிந்தது.

"மச்சான், இப்போ!" என்றேன்.

தள்ளினார். படகு துள்ளிப் பாய்ந்தது. முதல் நுரையைத் தாண்டினோம். அப்போது தூரத்தில் கடைசி வரிசையில் ஒரு அலை முதுகைத் தூக்கியது. போயிருந்தால் அது உடைவதற்குள் ஏறிக் கடந்திருக்கலாம். மச்சான் திராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்தார். படகு பக்கவாட்டாகத் திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டியது. அன்று கவிழ்ந்த படகுகூட இத்தனை மோசமான நிலையில் இல்லை.

"தள்ளுங்க ந்தோசி!"

அக்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இடுப்பால் ஒரு இடி இடித்தாள். மச்சான் என் மேல் வந்து விழுந்தார். சக்கரத்தை நேராக்கி, இரண்டு திராட்டிலையும் முழுதாகத் தள்ளினாள். அலை எங்களுக்கு எதிரே சுவர்போல எழுந்தது. படகின் மூக்கு மேலே போயிற்று, வானம் மட்டும் தெரிந்தது, மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். உச்சியில் அவள் விசையைக் குறைத்தாள். படகு காற்றில் பறக்காமல் மெதுவாக மறுபக்கம் இறங்கியது. பின்னால் அலை உடையும் சத்தம் கேட்டது.

பிறகு எங்கும் அமைதியான பச்சைத் தண்ணீர்.

அக்கா என்ஜின்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"உச்சியில விசையைக் குறைக்கணும்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் மச்சான்.

"கோவெண்டர்."

"எந்த கோவெண்டர்? படகு லைசென்சுக்குச் சொல்லித் தர்றவனா?"

"அவரேதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை. ஆறு வாரம்."

"வியாழக்கிழமை நீ சபை ஜெபக் கூட்டத்துக்கு இல்ல போன?"

"ஜெபக் கூட்டத்துக்குப் போடுற சிவப்பு ரவிக்கையைப் போட்டுக்கிட்டுதான் கிளம்பினேன். கார்ல மாத்திக்கிட்டேன். அவரோட படகும் பதினாறடி. அதான் சின்னது கேட்டேன், என் கை அதுக்குப் பழகிருச்சு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் பாஸ் பண்ணிட்டேன். சீட்டு பைபிளுக்குள்ள இருக்கு."

"கடவுள்கிட்ட போறேன்னு சொல்லிட்டு கோவெண்டர்கிட்ட போயிருக்க!"

"அலையில நிக்கறப்போ ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டேன்."

நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் மச்சான் என்னைத் தண்ணீரில் தள்ளியிருப்பார். ஆனால் அவர் கத்தவில்லை. படகின் தரையில் உட்கார்ந்து லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

"எனக்குத் தெரியாம ஏன்?" என்றார் கடைசியில்.

"தெரிஞ்சா விட்டிருப்பீங்களா? ராத்திரி தூக்கத்துல கையை ஆட்டறீங்க. எழுப்பினா என்ஜின் சத்தம்ங்கறீங்க. நம்ம படுக்கையில ஏது என்ஜின்?"

மச்சான் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "படகுக்கு அடியில காத்து இருந்துச்சு மாஷோசி. மூச்சு விட முடிஞ்சுது. ஆனா எந்தப் பக்கம் வெளியன்னு தெரியல" என்றார். படகுக்கு அடியில் இருந்த நேரத்தைப் பற்றி ஒரு வருஷத்தில் அவர் பேசியது இதுதான் முதல் முறை.

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். படகு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, பெருசையே எடுப்போம்" என்றாள். "எருமை மாதிரி இருக்கு, ஆனா சொன்னதைக் கேட்டுச்சு. நான் ஓட்டறேன்."

"வேண்டாம்" என்றார் மச்சான். "சின்னது."

"ஒரு மாசமா எங்க உயிரை எடுத்து..."

"பெருசு இருந்தா நான் உள்ள ஒளிஞ்சுக்குவேன். நீ ஓட்டுவ, நான் தூண்டில் போடுவேன், அப்படியே போயிரும். சின்னதுல நான் மறுபடியும் கத்துக்கணும்."

திரும்பி வரும்போது அக்காதான் ஓட்டினாள். மணலில் ஏறியதும் ஹென்னி தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். மச்சான் இறங்கி நேராகப் பதினாறடிப் படகிடம் போய், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெரியதை நவம்பரில் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார். அன்று மச்சான் அதற்காகவே வகுப்பை நிறுத்திவிட்டு வந்து, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்.

கோவெண்டரிடம் இப்போது அவர் வியாழக்கிழமைகளில் போகிறார். முதல் இரண்டு மாதம் உள்ளேயே சுற்றிவிட்டுக் கரைக்கு வந்தார். கடல் தட்டையாகக் கிடந்த ஒரு ஜனவரிக் காலையில் முதல் தடவை வெளியே போனார். அதற்குப்பின் பதினோரு தடவை. அலை பெரிதாக இருந்தால் சக்கரத்தை அக்காவிடம் கொடுத்துவிடுகிறார், வெட்கப்படாமல்.

போன சனிக்கிழமை கடல் நடுத்தரம். எங்கள் பதினாறடியை மச்சான் ஓட்டினார். நான்கு இடைவெளிகளை விட்டார். ஐந்தாவதில் அக்கா எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். தாண்டிவிட்டோம். வெளியே போனதும் இரண்டு வஞ்சிரம் மாட்டின. மச்சான் மீனைப் பார்க்கவே இல்லை. திரும்பித் திரும்பிக் கரையையும் அலையையும் பார்த்துக்கொண்டு, எப்போது திரும்புவது, எப்படித் திரும்புவது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.