ஏழு பேர் விடுபட்ட பட்டியல்

பட்டப்படிப்புச் சான்றிதழைக் கம்பெனி பீரோவில் வைத்துப் பூட்டக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவள் ஜெனிட்டா. அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் அதே கதிதான். நாளைக் காலை பத்து மணிக்குள் அந்தச் சான்றிதழோடு அவள் சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவளுக்கு.

மேனேஜர் சோலைமலை சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அயர்லாந்து ஆர்டர முடிச்சுக் குடும்மா. ரெண்டு பைலும் ஒத்துப்போச்சுன்னா அஞ்சு மணிக்கு வாங்கிக்கோ. நாளைக்கு ஆடி கடைசி வெள்ளி, நான் இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன். பெறகு திங்கக்கிழமதான்."

ஆர்டர், நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரிஷ் மொழி இலக்கணப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது. அந்தப் பழைய எழுத்து எந்த மெஷினுக்கும் பிடிபடவில்லை. அதனால் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க, கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாத இடத்தில் சிவப்புக் கோடு போடும், இருவரும் மறுபடி அடிக்க வேண்டும். ஒத்துப்போனால் சரி என்று எடுத்துக்கொள்ளும்; அதற்கும் ஐரிஷ் தெரியாது, அடிக்கிறவர்களுக்கும் தெரியாது. ஜெனிட்டாவுக்கு ஜோடி சாலிஹா. மூன்று வருஷமாக இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான், நீ, அவன், அவள் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. எண்கள்தான் வம்பு செய்தன. ஆர்டரோடு வந்த இங்கிலீஷ் குறிப்புப்படி, அந்த மொழியில் பொருளை எண்ண ஒரு வரிசை, ஆளை எண்ண வேறு வரிசை. ஏழு பேரை 'பெரிய ஆறு' என்பார்களாம். அந்த ஏழு பேர் வரியில்தான் காலையிலிருந்து மூன்று தடவை சிவப்புக் கோடு. ஒப்பீட்டுத் திரையில் சாலிஹாவின் பக்கம் ஆறு பேருக்கு அடுத்து எட்டுப் பேர். மூன்று தடவையும் அதே வரியிலா கை தவறும்? தன்னைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறாள் என்று புரிந்ததும் ஜெனிட்டாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேனேஜரிடம் சொன்னால் சாலிஹாவின் வேலை போய்விடும்.

ஜெனிட்டா வேலையை விடப்போகிறாள் என்பது மட்டும்தான் அதுவரை சாலிஹாவுக்குத் தெரியும். பள்ளிக்கூட விஷயத்தைச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஜெனிட்டா சொன்னாள்.

"நாளைக்குப் போகலன்னா அம்புட்டுதான்டி. வேற ஆளுக்குப் போயிரும்."

"இத ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்றாள் சாலிஹா. அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த வரியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, கேட்க ஜெனிட்டாவுக்கும் வாய் வரவில்லை.

நாலரைக்குக் கடைசித் தடவை அடிக்க உட்கார்ந்தபோது ஜெனிட்டாவுக்கு ஒரு வழி தோன்றியது. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆறு பேரை அடித்தாள். ஏழு பேரை விட்டாள். எட்டுக்குப் போனாள். எங்கோ அயர்லாந்தில் ஏழு பேர் காணாமல் போனால் போகட்டும்.

முடித்தபோது மணி சரியாக ஐந்து. அதே இடத்தில் சிவப்புக் கோடு.

சாலிஹா எழுந்தே விட்டாள். "இந்தத் தடவ ஒழுங்கா அடிச்சேனேடி! ஏழு பேரையும் போட்டேன். ஒனக்காகத்தான் போட்டேன்."

சோலைமலை ஜெனிட்டாவின் திரையை எட்டிப் பார்த்தார். "இந்தத் தப்பு ஒன்னோடதுதாம்மா." பீரோக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

ஜெனிட்டா அந்த ஏழு பேரை அடித்துச் சேர்த்தாள். திரையில் பச்சை விழுந்தபோது கீழே அவருடைய பைக் கிளம்பிப் போய்விட்டது.