எழுபத்து நான்காம் எண்

தொலைநோக்கியில் எதைப் பார்ப்பது என்று பட்டியல் எழுதுவது எப்போதும் என் வேலை. நான் எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே ஆள் குறையும் மதியத்தில் எழுதிவிடுவேன். மேற்கே இறங்குவது முதலில், உச்சிக்கு வருவது அடுத்து, கிழக்கே எழுவது கடைசியில். நிலவில்லாத நல்ல இரவு மாதத்துக்கு மூன்றோ நான்கோ கிடைக்கும். அதில் மேகம் தின்றது போக, என் ஷிப்ட் தின்றது போக மிஞ்சுவது ஒன்று.

அப்படி மிஞ்சிய ஒவ்வொரு இரவிலும், என்னால் முடிந்தவரை, எழுபத்து நான்கை எழுதாமல் தவிர்த்து வந்தேன்.

நூற்றுப்பத்து வான்பொருள்கள் கொண்ட பழைய பட்டியல் ஒன்று உண்டு. எங்களைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து டிக் அடிப்போம். நான் முடித்துவிட்டேன். என் மனைவியின் தம்பிக்கு ஒன்றுதான் பாக்கி. எழுபத்து நான்கு, மிக மங்கலான, சுருள் வடிவ கேலக்ஸி ஒன்று.

அவன் தையல்காரன். கோட்டுப் பொத்தானுக்குக் கையால் காஜா எடுப்பதில் அவன் தெருவில் அவனை விட்டால் ஆளில்லை. அப்படி மிஞ்சிய ஓர் இரவில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இருவரும் காரில் கிளம்பினோம். தெருவிளக்குகள் முடிந்த பிறகு சொன்னான்.

"கடையை வேற ஆளுகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன் மாமா."

"என்ன மாப்ள, திடீர்னு?"

"கண்ணு போச்சு. மூணு வருஷமா அந்த எழுபத்து நாலு தெரியல. நீங்க இதே டெலஸ்கோப்ல, இதே இடத்துல பாத்தது. ரெண்டு கண்ணாடி மாத்தியாச்சு. டாக்டர் நல்லாருக்குங்கறார். அவருக்கென்ன, சுவத்துல இருக்கற எழுத்தைக் காட்டிட்டு அனுப்பிடறார். ஊசி எடுத்தாலே கை தயங்குது."

"உன் அக்காகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'வானத்துல இருக்கறது தெரியலைன்னா போகட்டும், வீட்டுல இருக்கற ஒட்டடை உங்க மாமா கண்ணுக்குத் தெரியுதான்னு கேளு'ங்கறா."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு தடவை அதைப் போடுங்க. தெரியலைன்னா கடையை விட்டுடறேன்."

சட்டைப் பையில் என் பட்டியல் இருந்தது. அதில் பதினொரு வான்பொருள்கள் எழுதியிருந்தேன். எழுபத்து நான்கு இல்லை.

நான் அதைப் பார்த்ததே இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன், இரட்டை ஷிப்ட் முடித்து வந்த ஓர் இரவில் இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் கால் கடுக்க, புத்தகத்திலிருந்த புகைப்படத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன்: "நடுவில் கூர்மையான ஒளி. சுருள் கைகள் இரண்டும் தெளிவு." பொய் என்று அப்போது தோன்றவில்லை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

மூடிக்கிடந்த கல்குவாரியின் ஓரத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, எழுபத்து நான்கு இருக்க வேண்டிய இடத்துக்குத் திருப்பினேன். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து லென்ஸைத் துணியால் துடைத்தான். பார்த்தான். மறுபடி துடைத்தான்.

"என்ன துடைக்கற?"

"மூச்சு பட்டுப் படிஞ்சுடுது மாமா. ஒரு சாம்பல் கறை. நேரா பாத்தா இல்ல, கடைக்கண்ணால பாத்தா இருக்கு. எப்பப் பாத்தாலும் இதே தொல்லைதான்."

மிக மங்கலானவை கடைக்கண்ணுக்குத்தான் படும் என்று எனக்குத் தெரியும். "குழாயை லேசா தட்டிப் பாரு."

தட்டினான். "நட்சத்திரத்தோட சேந்து கறையும் ஆடுது."

"லென்ஸ்ல படிஞ்ச ஈரமா இருந்தா நட்சத்திரத்தோட ஆடாது. கொஞ்சம் விலகு."

முதலில் இருட்டுதான். பார்வையைச் சற்று ஓரமாக ஒதுக்கி, காத்திருந்தேன். இருட்டைவிட ஒரு பொட்டு வெளுப்பாக ஏதோ இருந்தது. கண்ணாடியில் ஊதியது போல. வாழ்க்கையில் முதல் முறையாக.

"அதான் மாப்ள. எழுபத்து நாலு."

"இல்ல மாமா. உங்க நோட்டுல கை ரெண்டும் தெளிவுன்னு இருக்கு. இதுல கையும் இல்ல, காலும் இல்ல. சும்மா என்னைத் தேத்தாதீங்க."

தலையாட்டிவிட்டு அடுத்ததற்குத் திருப்பியிருக்கலாம். திருப்பியிருந்தால் அவன் கடையை விட்டிருப்பான்.

"நான் பாக்கல," என்றேன்.

"இப்பவா?"

"அன்னிக்கு. போட்டோவைப் பாத்து எழுதினேன். இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன். உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

அவன் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தான். தூரத்தில் ஒரு லாரி மேடேறி, கியர் மாற்றி, ஓய்ந்தது.

"எத்தனை கோட்டை என்னால முடியாதுன்னு திருப்பி அனுப்பினேன் தெரியுமா மாமா?"

மன்னிப்புக் கேட்க நாக்கு எழுந்தது. கேட்டால், பரவாயில்லை என்று அவன் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவன் தலையில் கட்ட வேண்டாம் என்று சும்மா நின்றேன்.

அவன் என் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். "வேற எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"அப்படித்தான் சொல்வீங்க."

கண் கூசாத சிவப்பு டார்ச்சைப் போட்டு, என் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தான். "ஒண்ணுலருந்து வரலாம். நீங்க பாத்து, தெரியறதை வாயால சொல்லுங்க. இனிமே எழுதறது நான்."

அவனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு இனி வாயில்லை. ஆனால் அந்த மற்ற நூற்றொன்பதில், களைத்த இரவுகளில், எதை நான் கண்ணால் பார்த்தேன், எதைப் பார்த்ததாக நம்பினேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

"ஒண்ணு கிழக்குல மேல வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் மாப்ள. எனக்குக் காலைல ஏழு மணிக்கு டூட்டி."

"இருக்கட்டும்."

ஸ்டூலைக் கிழக்கே திருப்பிப் போட்டுக்கொண்டான். இன்னொரு ஸ்டூல் காரில் இருந்தது. நான் எடுக்கப் போகவில்லை; கால் கடுத்தாலும் தொலைநோக்கி பக்கத்திலேயே நின்றேன்.