இங்க பாருங்க

வண்டிக்குக் காது உண்டா என்று கேட்டால், என் வேனுக்கு உண்டு. வலது பக்கக் கண்ணாடிக்குக் கீழே, கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். நம்ப முடியாதவர்கள் துருவை மட்டும் நம்பினால் போதும், கதை நடந்துவிடும்.

கடலோரச் சாலையில் நானும் என் வீட்டுக்காரியும் சுற்றுலா வேன் நடத்தினோம். ஓட்டுவது நான், காட்டுவது அவள். முன்சீட்டில் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இங்க பாருங்க!" என்பாள். நான் பிரேக்கை மிதிப்பேன். வந்தவர்கள் இறங்கிக் காட்டைப் பார்ப்பார்கள், காயலைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள். "பாத்தாச்சா? போலாமா?" என்பாள். கிளம்புவோம். வருஷக்கணக்கில் இதே பாட்டு. கடைசியில் நான் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் வண்டி நிற்கும். வீட்டிலும் அதுதான் நிலவரம் என்பதால் எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு தொல்லை. நின்ற இடத்தில் யாராவது மனசார வேடிக்கை பார்த்தால்தான் திரும்பக் கிளம்பும். பார்த்த மாதிரி பாவலா செய்தால் இஞ்சின் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மகளுக்கு வலி எடுத்த அன்றைக்குத்தான் இந்தத் தொல்லையின் முழு எடையும் தெரிந்தது. எங்கள் ஊர் நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"குழந்தை குறுக்கால கிடக்குது. இங்க ஒண்ணும் செய்ய முடியாது. இருட்டுறதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. இல்லன்னா..."

அந்த 'இல்லன்னா'வை அவள் முடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை, நடுக்கடலில் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியோ எங்கள் சாலையின் அந்த முனையில், கடற்கரையை ஒட்டி. மகளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, வீட்டுக்காரியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் அவள் அம்மா பதறினாள்.

"இங்க பாருங்க, இவளுக்கு மூச்சு வாங்குது!"

வேன் நின்றது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டிக்கிட்ட நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க'தான் என் பெயர். பெற்ற மகள் பின்னால் துடிக்க, நாங்கள் இரண்டு பேரும் இறங்கி நின்று மரங்களைப் பார்த்தோம். இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான காட்டை அவ்வளவு திட்டிக்கொண்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க?" என்று மகள் கத்தினாள்.

"வேடிக்கை பாக்குறோம் கண்ணு. பொறுத்துக்கோ."

வண்டி கிளம்பியது. காயல் கரையில் மறுபடி.

"இங்க பாருங்க, ரத்தம்!"

நின்றது. காயல் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. அக்கரையில் கொக்குகள். எனக்குக் கண்ணீரில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. கலங்கல் பார்வையை வண்டி ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பின்னால் மகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கத்தினபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

"அடியே, இனிமே அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துது, நம்ம பிள்ளையை நீயே கொன்னதா அர்த்தம்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் என் தோளில் கிடந்த துண்டை உருவி, சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.

கடைசி இறக்கம். கீழே கடல், அதற்கு முன்னால் ஒரு மதில், மதிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல். சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். சேற்றில் கால் வைத்த மாதிரி பெடல் உள்ளே போனது. ரொம்ப காலமாக யாரும் மிதிக்காததால், தனக்கு வேலை போய்விட்டது என்று அது முடிவு செய்திருக்க வேண்டும்.

"சொல்லு!" என்றேன்.

"ம்ஹூம்."

"பிரேக் இல்லடி! அந்த வார்த்தையைச் சொல்லு!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கொன்னதா அர்த்தம் என்று நான் சொன்னது அவள் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. நானே "இங்க பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பேச்சை யார் கேட்டார்கள், வேன் கேட்க?

பின்சீட்டிலிருந்து மகள் மிச்சமிருந்த மூச்சை எல்லாம் கூட்டினாள். "இங்க பாரும்மா... அப்பா சொல்றதைக் கேளும்மா!"

வேன் லேசாகத் தயங்கியது. அவ்வளவுதான். கடைசியில் 'ங்க' இல்லாத வார்த்தைக்கு அது நிற்காது. மரியாதை பழகிய வண்டி.

ஆனால் பெற்றவள் கண்ணைத் திறந்தாள். துண்டைத் துப்பினாள்.

"இங்க பாருங்க! கடல்!"

நின்ற வேகத்தில் முன்கண்ணாடி தனியாகக் கழன்று போய் மதிலில் மோதியது. பம்பருக்கு முன்னால் ஒரு விரல்கடை தள்ளி ஸ்ட்ரெச்சர்.

அதற்குப் பிறகு நீளமான நடை, மூடின கதவு, பினாயில் வாசனை. இருட்டிவிட்டது. கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார்.

"இங்க பாருங்க" என்றார்.

என் நெஞ்சு நின்றது. வீட்டுக்காரி என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள்.

"ரெண்டு உசிரும் தப்பிச்சுது. உங்களுக்குப் பேத்தி. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் பொறுப்பில்ல. முதல்ல அந்த வேனை வாசல்லேர்ந்து எடுங்க பெரியவரே, ஆம்புலன்ஸ் நிக்க இடமில்ல."

எடுக்க முடியவில்லை. நான் விடிய விடியக் கடலைப் பார்த்தேன், மனசு மட்டும் மாடியில் கிடந்தது. வாட்ச்மேன் பார்த்தார். வார்டு பையன்கள் தள்ளிப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் கடலைப் பார்த்தார்கள். அசையவில்லை.

காலையில் மாடி ஜன்னலில் வீட்டுக்காரி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தை கண்ணைத் திறந்து கீழே பார்த்தது. கடலையா, வேனையா, என்னையா என்று தெரியவில்லை.

"பாத்தாச்சா?" என்று அவள் குழந்தையிடம்தான் கேட்டாள். "போலாமா?"

கீழே வேன் கிளம்பியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.