முன்பக்கத்து மூட்டைகள்

கணுக்காலைச் சுற்றி அந்தச் சின்ன மணல் பையைக் கட்டி முடித்ததும் இளவரசி கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். ஜோதிலிங்கம் மின்விசிறியைப் பார்த்தபடி காலை மெல்ல உயர்த்தினான். ஒரு சாண் எழுந்ததுமே கால் நடுங்கத் தொடங்கியது. கீழே வைத்தான். மறுபடி உயர்த்தினான். மூடிய ஜன்னலுக்கு வெளியே தில்லியின் துவாரகா பகுதி பழுப்புப் புகையில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத விமானம் ஒன்று தாழ்ந்து போனது. கண்ணாடி அதிர்ந்தது. அவன் முகம் சுருங்கியது. இப்போதெல்லாம் எந்த அதிர்வும் அவன் முதுகெலும்பைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

மணல் பையை அவன் பார்ப்பதில்லை. பிசியோதெரபிக்கு வரும் பெண் முதல் நாள் அதை எடுத்து வைத்து, "உள்ள வெறும் மணல்தான், பயப்படாதீங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தபோது, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓக்லாவில் இருக்கும் படகு நிறுவனமொன்றில் இளவரசி வடிவமைப்பாளர். பணிமனை கோவாவில். கடற்படையில் வேகப்படகு ஓட்டி ஓய்வு பெற்ற ஜோதிலிங்கம் அதே நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர். அவள் தில்லியில் உட்கார்ந்து வரைவாள், அவன் கோவாவில் ஓட்டிப் பார்ப்பான். பந்தயப் படகுக்கு அவள் முதலில் வரைந்தது கனமான உடல். கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளே நெருக்கமாக விலா எலும்புகள் மாதிரிக் குறுக்குச் சட்டங்கள். கனத்த படகு அலையை அறுத்துக்கொண்டு போகும். இலேசான படகு அலையின் மேல் ஏறித் தாவும். தாவும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தாவியது இறங்கியாக வேண்டும். அந்த வேகத்தில் இறங்கும்போது தண்ணீர் தண்ணீராக இருக்காது, சிமென்ட் தரையாகிவிடும்.

முதலாளி ராமச்சந்திரன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது போட்டா, தண்ணி லாரியா?" என்று கேட்டார். சட்டங்களில் பாதி போயிற்று. இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே நுரை அடைத்த உடல் வந்தது. ஜோதிலிங்கமும் அவர் பக்கம்தான். "ஒன் படகுல போறது மாட்டு வண்டில போற மாதிரில்லா இருக்கும்" என்று, விடுப்பில் தில்லிக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். புதுப் படகை ஓட்டிவிட்டு வந்த அன்று தொலைபேசியில் அவன் குரல் இருபது வயதுக்காரன் குரலாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டபோது அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தோற்றவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கடலில் அலை இருந்தால் மூக்கு தூக்காமல் இருக்க முன்பக்கத்தில் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். அவன் சரி என்றான்.

படகு தாவி விழுந்து அவன் முதுகெலும்பு முறிந்த விபத்துக்குப் பிறகு அவன் துணிகளை எடுத்துவர அவள் கோவாவுக்குப் போயிருந்தாள். படகுத் துறையில், நிழல் பார்த்து, மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கயிறு அறுந்து விழுந்தவை அல்ல, கையால் இறக்கி வைத்தவை. ஆஸ்பத்திரியில் அவனிடம் அதைக் கேட்கவில்லை. பிறகு கேட்க வேளையும் வரவில்லை. எட்டு மாதமாக வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது. ராமச்சந்திரன் மிட்டாய்ப் பெட்டியும் மடிக்கணினியுமாக உள்ளே வந்தார்.

"எழுந்துக்காதேங்கோ ஜோதி, எழுந்துக்காதேங்கோ. அடடே, மூஞ்சில கலர் வந்துடுத்தே! இளவரசி, சாய்-வாய் ஒண்ணும் வேண்டாம். ஜல்தி முடிச்சுடலாம்."

சரோஜினி நகர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாதுரி மேடம் ரெண்டு போட் எடுக்கறா. சொந்தமா ரேஸ் டீம் வெச்சிருக்கா. ஒரே ஒரு சந்தேகம்தான் அவாளுக்கு. அன்னிக்கு நடந்தது போட்டாலயா, ஓட்டினவராலயான்னு. நான் சொன்னா, விக்கறவன் வேற என்ன சொல்வான்னு நெனைச்சுப்பா. நீங்க சொன்னா முடிஞ்சுது."

"என்ன சொல்லணும் சார்?" என்றாள் இளவரசி.

"உண்மையைத்தான். போட் மேல தப்பில்லைன்னு."

"எம் மேலன்னு சொல்லணும்" என்றான் ஜோதிலிங்கம், கூரையைப் பார்த்து.

"அரே, அப்படி இல்ல ஜோதி. போட் எழும்பறச்சே த்ராட்டிலை இழுத்து வேகத்தைக் குறைக்கணும். ஒரு செகண்ட் லேட் ஆயிடுத்து. யாருக்கும் நடக்கறதுதானே?"

"நீங்க எப்பவாவது படகுல போயிருக்கியளா சார்? யமுனையிலயாவது?"

"யமுனையிலயா? மூக்கைப் பொத்திண்டுன்னா போகணும்!" ராமச்சந்திரன் உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கட்டில் ஆடாமலிருக்க இளவரசி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் மாதுரி வந்தாள். நாற்பது வயதிருக்கும். நிதானமான முகம். குர்காவ்ன் வீட்டின் வெள்ளைச் சுவர் பின்னால் தெரிந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தாள். உண்மையாகவே விசாரித்தாள், அதுதான் இளவரசிக்குத் தாங்க முடியாமலிருந்தது. பிறகு கேள்விக்கு வந்தாள். ஜோதிலிங்கம் கடற்படையில் கற்ற இந்தியில், வாக்குமூலம் கொடுப்பவனைப் போல ஏற்ற இறக்கமில்லாமல், "தப்பு என்னுடையது. கை தாமதமாகிவிட்டது. படகு நல்ல படகு" என்றான்.

மாதுரி தலையசைத்தாள். சற்று யோசித்துவிட்டு, "இதை வடிவமைத்தவர் நீங்கள்தானே?" என்று இளவரசியைக் கேட்டாள். "இது ரொம்ப இலேசாக இருக்கிறதே என்றுதான் பயம். அலை இருக்கும் நாளில் இந்தப் படகுக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

ராமச்சந்திரன் மேஜை மேலிருந்த மிட்டாய்ப் பெட்டியின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். மூட்டை என்ற சொல்லை இப்போது சொன்னால் அடுத்த கேள்வி, அன்று மூட்டை எங்கே இருந்தது என்பதாகத்தான் இருக்கும். மல்லாந்து கிடக்கிற மனிதனை எல்லோருமாகச் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

"வேண்டாம்" என்றாள் இளவரசி. "ஒன்றும் வேண்டாம்."

"நல்லது. எங்கள் ஓட்டுநரும் உங்கள் ஊர்க்காரர்தான். மூக்கன். கடற்படையில் இருந்தவர். அடுத்த வாரம் வந்து படகை எடுத்துக்கொள்வார்." கையசைத்துவிட்டுப் போனாள்.

ராமச்சந்திரன் இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். லிஃப்ட் கதவு மூடும்வரை அவர் யாரிடமோ உற்சாகமாகப் பேசிக்கொண்டு போவது கேட்டது.

இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் மூக்கன். இந்த வீட்டுப் பால்காய்ப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கூடைக் கருவாட்டைச் சுமந்துகொண்டு ரயிலில் வந்து, பெட்டி முழுக்க வசவு வாங்கியவன். இளவரசி மிட்டாய்ப் பெட்டியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தாள். இன்னொரு விமானம் இறங்கியது.

"மூக்கன் அண்ணன்ட்ட சொல்லிருதேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவ?"

"முன்னால மூட்டை வைக்கணும்னு."

"வச்சா வேகம் போயிரும். ரேஸுக்குப் போறவன் வப்பானா?"

"நீங்க வச்சியளா?"

கேட்டுவிட்டாள். கேட்டது அவள்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"கட்டித்தான் வச்சிருந்தேன்" என்றான். "வெடியக்காலம் கடல் கண்ணாடி கணக்காக் கெடந்துச்சு. நானே எறக்கி வச்சேன். யாரும் சொல்லல. மொதலாளியும் சொல்லல. அது பறக்கத ஒரு தடவ முழுசாப் பாக்கணும்னு இருந்துச்சு. காத்து பொறவுல்லா எழும்புச்சு."

"எனக்குத் தெரியும். தொறையில பாத்தேன்."

"பாத்துட்டு எட்டு மாசமா வாயத் தொறக்கல." அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது. "நான் ஒண்ணு கேக்கேன். மூட்டை வச்சாத்தான் பொழைக்கும்னு தெரிஞ்ச படகுல நீ என்னைய எதுக்கு ஏத்துன?"

வரைபடத்தில் சட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கியது அவள் கைதான். ராமச்சந்திரன் சொன்னார், அவள் நீக்கினாள். சண்டை போட்டதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் ஒரு மதியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இப்ப நீ மூக்கன்ட்ட சொன்னா நாம ரெண்டு பேரும் அந்தம்மாட்ட சொன்னது பொய்யின்னு ஆயிரும்" என்றான். "ஒன் வேலையும் போவும். அவன் என்னைய விட நல்லா ஓட்டுவான். விடு."

அவள் போனைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஏட்டி, மொதல்ல இந்தப் பையக் கழத்து. கனக்கு."

ஒற்றைக் கையால் ஒட்டுப்பட்டையைப் பிரித்து மணல் பையை உருவினாள். பாரம் போன கால், அவனே எதிர்பாராதபடி, விருட்டென்று மேலே எழுந்தது. எட்டு மாதத்தில் அவ்வளவு உயரம் அது எழுந்ததில்லை. அவன் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உச்சியில் நின்று கால் நடுங்கத் தொடங்கியது. இளவரசி குதிகால் விழக்கூடிய இடத்தில் இடது உள்ளங்கையை விரித்து வைத்தாள். வலது கையின் கட்டைவிரல் போன் திரையில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய் மூக்கனிடம் நின்றது. கால் இன்னும் இறங்கவில்லை.